பாவாடை நாடாவின் தடம்

அத்தைக்கு இடது மார்பை எடுத்து, தையல் ஆறிய பிறகு, தழும்பைத் தேய்த்துவிடும் வேலை எனக்கு வந்தது. அத்தை என் கணவரின் அம்மா. தேஹு ரோடு ராணுவ டிப்போவில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஔந்தில் எங்களோடு இருந்தார். பிசியோதெரபி செய்யும் பெண் ஒரே ஒரு முறை காட்டித் தந்தாள். இரண்டு விரல் நுனியில் தேங்காய் எண்ணெய். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது, விரலோடு தோலும் நகர வேண்டும். தழும்பு இறுகிவிட்டால் கையை மேலே தூக்க வராதாம். தலையாட்டிவிட்டு வந்தேன். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்காதது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

"மாவு பிசையச் சொன்னா மயிலிறகால தடவுறியே" என்பார் அத்தை, சுவரைப் பார்த்தபடி. அவர் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. வெளியே என் மகள் கதவைத் தட்டுவாள். "மம்மா, தர்வாஸா கோலோ! பாட்டிகூட என்ன பண்றே?"

சில வாரங்களில் தழும்புக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. என் நகம் பட்டிருக்குமோ, எண்ணெய் சேரவில்லையோ என்று குழம்பினேன். ஒருநாள் துண்டு வாங்க அவர் குளியலறைக் கதவைத் திறந்தபோது காரணம் புரிந்தது. பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் அத்தை எப்போதும் குளிப்பார். நாடா சரியாக அந்தக் கோட்டின் மேல் பதிந்திருந்தது.

"முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குதும்மா. அதான் இறுக்கிக் கட்டுறேன்."

"தாழ்ப்பாள் போட்டுத்தானே குளிக்கிறீங்க? யார் அத்தை பாக்கப் போறா?"

"நான் இருக்கேனே" என்றார்.

அன்று தேய்க்கும்போது அந்தக் கோட்டில் சிறியதாக, கெட்டியாக ஏதோ விரலில் பட்டது. "நாடா அழுத்தினதா இருக்கும்" என்றேன். "அதேதான்" என்றார். குளிப்பதற்குத் தொளதொளவென்று ஒரு நைட்டி வாங்கிக் கொடுத்தேன். சிவப்பு மறைந்தது. கெட்டி அப்படியே இருந்தது. சுற்றியிருந்த தோல் என் விரலோடு நகர்ந்தது, அது மட்டும் நகரவில்லை. வளர்கிறதா, என் பயம்தான் வளர்கிறதா என்று தெரியவில்லை. என் விலா எலும்பை அழுத்தி ஒப்பிட்டுப் பார்த்தேன். சொல்லிப் பயமுறுத்துவதா, சொல்லாமல் இருப்பதா? கடைசியில் கணவரிடம் சொன்னேன். மறுநாளே டாக்டரிடம் போனோம். ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று கணவர் வெளியூரில் இருந்தார். நானும் அத்தையும்தான் போனோம். நோய் திரும்பி வந்துவிட்டது என்று டாக்டர் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். அத்தைக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு மட்டும் நன்றி சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது ரிக்ஷாவில் அத்தை கேட்டார்: "அப்போ இனிமே தேய்க்க வேண்டாம், இல்ல?"

டாக்டர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும் என நினைத்தாரா, தேய்க்கலாம் என்று சொல்ல வேண்டும் என நினைத்தாரா? அவர் முகத்திலிருந்து எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"கேட்டுச் சொல்றேன் அத்தை."

ரிக்ஷா மகளின் பள்ளி வாசலில் நின்றது. குழந்தை ஓடி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.