இருபதரைச் சுற்று

அத்தை போனை எடுக்கவில்லை, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினாள். மாமா இறந்தபின் அந்த வீட்டுக்கு நாங்கள் போவதே இப்படித்தான், ஏதாவது பயம் வந்தால்.

வாசலில் நின்ற பழைய பிக்கப்புக்கு அடியிலிருந்து அத்தையின் கால்கள் மட்டும் தெரிந்தன. பின்சக்கரம் ஒன்று ஜாக்கியில் தூக்கப்பட்டிருந்தது. டயரில் சாக்பீஸ் கோடு.

"இன்ஜினியர் அம்மாவா? வழி தெரிஞ்சுதா?" என்றாள், வெளியே வராமலே.

விஷயத்தைப் படுத்தபடியே சொன்னாள். பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலுக்குள் பல்சக்கரம் தேய்ந்து வண்டி ஒரு மாதமாக ஊளையிடுகிறது. வெளியூர்ப் பழைய பாகக் கடையில் மாற்று ஆக்சில் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் விகிதம் மூன்றரை, இன்னொன்று நாலு புள்ளி ஒன்று. சக்கரம் ஒருமுறை சுற்ற, இன்ஜின் பக்கமிருந்து வரும் ஷாப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பதுதான் அந்த எண். இந்த வண்டியுடையது நாலு புள்ளி ஒன்றாக இருந்து மூன்றரையைப் போட்டால் செங்கல் லோடோடு மேடு ஏறாது. மேட்டு லோடுதான் அத்தையின் பிழைப்பு. வண்டியுடையது எது என்று எண் பொறித்த தகடு எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. மாலை லாரி கிளம்புவதற்குள் எது என்று சொல்லாவிட்டால் மூன்றரையையே ஏற்றிவிடுவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, ஒருவர் ஷாப்டைப் பார்த்து எண்ண வேண்டும். தனியாளான அத்தை ஷாப்டில் ஒரு நூலை ஒட்டியிருந்தாள். சக்கரத்தைப் பத்து முறை சுற்றுவது, பிறகு அடியில் நுழைந்து நூல் எத்தனை சுற்று ஏறியிருக்கிறது என்று எண்ணுவது. மூன்று தடவையும் இருபதரை.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே அத்தை."

"நூலு வந்துச்சுல்ல, போதும்."

நான் வகுத்துப் பார்த்து, இரண்டு புள்ளி பூஜ்யம் ஐந்து என்று ஆணித்தரமாகச் சொன்னேன். அத்தை கடைக்குப் போன் செய்தாள். அப்படியொரு வண்டி இன்னும் பிறக்கவில்லை, வீட்டில் ஆம்பிளைங்க யாரும் இல்லையா என்று அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. யோசித்துக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டு பின்சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பங்கிடும் டிஃபரென்ஷியல் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் நான். அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட அப்போது நினைவுக்கு வரவில்லை.

அத்தை சக்கரத்தை மெதுவாக உருட்டியபடி, தரையில் ஊன்றி நின்ற மறுபக்கச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள்.

"வண்டி சேத்துல மாட்டுனா என்ன ஆகும்? ஒண்ணு அசையாம நிக்கும். அதோட ஓட்டத்தையும் சேத்து இன்னொண்ணு ரெட்டிப்பா சுத்தும். இங்கயும் அதானே நடக்குது? பத்துன்னு நான் எண்ணுனது, ரெண்டும் சேந்து சுத்துனா நெசத்துல அஞ்சுதான்."

இருபதரையை ஐந்தால் வகுத்தேன். நாலு புள்ளி ஒன்று.

மறுபடி போன். கடைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. முதலில் ஒன்று, இப்போது ஒன்று. யாரும்மா கணக்குப் போட்டது என்று கேட்டார். அத்தை என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"என் அண்ணன் பொண்ணு. இன்ஜினியரு. பக்கத்துலதான் நிக்கிறா."

போன் என் கைக்கு வந்தது. ஆமாம், நான்தான் பார்த்தேன், நாலு புள்ளி ஒன்று என்றேன். சரி மேடம், ஏற்றிவிடுகிறேன் என்றார் அவர். வைத்துவிட்டுத் திரும்பினால் அத்தை மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டிருந்தாள், ஷாப்டிலிருந்து நூலைப் பிரிக்க.