நீலமாய்ப் போன வெள்ளைத்தாள்

கேமராவுக்கு வெள்ளை எது என்று சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. கோயமுத்தூரில் ஒரு கம்பெனி. குண்டு பல்பு வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி மஞ்சளாகத்தான் கண்ணுக்கு வந்து சேர்கிறது; ஆனாலும் யாரும் அதை மஞ்சள் வேட்டி என்று சொல்வதில்லை. வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துப் பார்க்க மூளைக்குத் தெரியும். கேமராவுக்கு நாங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். படம் முழுக்க மஞ்சள் தூக்கலாக இருந்தால், வெளிச்சம்தான் மஞ்சள் என்று முடிவுகட்டி எல்லாவற்றிலிருந்தும் மஞ்சளை எடுத்துவிடும். பெரும்பாலும் சரியாக வரும்.

மகள் பிறந்த மூன்றாம் நாள், மனைவியையும் குழந்தையையும் அன்னூரில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு அன்றே திரும்பினேன். ஆபீசில் கழுத்தை நெரிக்கிற வேலை. அன்னூர் ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரம் என்னிடம் இல்லை என்று உண்மையாகவே நம்பினேன். காலையும் மாலையும் போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் குழந்தையின் நிறத்தைத்தான் பேசினார்களாம். மஞ்சக்கெழங்காட்ட இருக்கறா என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதை மாமியார் போனில் இரண்டு தரம் சொன்னார். எங்கள் பக்கம் அது பெரிய பாராட்டு. எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

ஐந்தாம் நாள் மதியம் மனைவி கூப்பிட்டாள். குழந்தை சரியாகப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கிறாள், கண்ணுக்குள் வெள்ளைகூட மஞ்சளாகத் தெரிகிறது என்றாள். அம்மாவிடம் சொன்னால், பச்சைக் குழந்தைக்குக் கண்ணு வைக்காதே என்கிறாராம். காலையில் வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பன்னீர் ரோஜா நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேதாவிக்கு ஆள் கிடைத்தால் விடுவானா? அறை வெளிச்சம் அப்படி, கண் ஏமாறும், கேமரா ஏமாறாது என்று பத்து நிமிஷம் பாடம் நடத்தினேன். எல்லாம் கேட்டுவிட்டு "சரிங்க" என்றாள். அந்தச் சரிங்கவில் சம்மதம் இல்லை.

அவள் வாயை அடைக்கத்தான் அந்தச் சோதனையைச் சொன்னேன். குழந்தை பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படம் எடு. தாள் வெள்ளையாக வந்தால் குழந்தையின் நிறமும் சரி என்றேன்.

படம் வந்தது. குழந்தை அதே ரோஜா நிறம். தாள், சொட்டு நீலம் அதிகமாகிப்போன சட்டை மாதிரி, நீலமாக இருந்தது.

குழந்தையைக் கிடத்தியிருந்தது மாமியாரின் பழைய மஞ்சள் நூல்சேலையில். காலைப் படத்திலும் இதிலும் முழுக்க அதுதான், மஞ்சள் போய் வெளுத்துத் தெரிந்தது. போன் சேலையைப் பார்த்து வெளிச்சம் மஞ்சள் என்று எடுத்துக்கொண்டு, என் மகளின் மஞ்சளையும் சேர்த்துக் கழித்துவிட்டது. அடி முட்டாளே, இதைச் செய்யத்தானே சம்பளம் வாங்குகிறாய் என்று தோன்றியது. உடனே கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரச் சொன்னேன். மாமனார் காரை எடுத்தார். நான் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள்காமாலை, அளவு நிறைய ஏறியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்றார் டாக்டர். கண்ணைக் கட்டி, நீல விளக்குக்குக் கீழே படுக்கவைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் அவள் நிறம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பயந்து செத்தேன்.

மூன்றாம் நாள் காலை, அளவு இறங்கிவிட்டது என்று குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். மனைவி அவளை ஜன்னலோரம் வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். பழக்கதோஷம், நான் போனை எடுத்தேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு நீங்க ஒரெட்டு வந்து பாத்திருந்தா, அந்தத் தாளே வேண்டியதில்லீங்க" என்றாள்.

போனைப் பையில் போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.