பட்டினித் தொட்டி

கடல் ஆய்வு நிலையத்தில் அவரை எல்லோரும் தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கச் சற்று நேரம் பிடிக்கும். கடலிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைத் தொட்டிகளில் ஓடவிடுவது, வடிகட்டிகளைக் கழுவுவது, உள்ளே இருக்கும் உயிர்களுக்கு வேளாவேளைக்குத் தீனி போடுவது, இதுதான் அவர் வேலை. காலையில் தொட்டியில் ஏதாவது செத்துக் கிடந்தால் முதல் திட்டு அவருக்கு. ஆராய்ச்சி யாருடையதாக இருந்தாலும் சாவு மட்டும் அவர் கணக்கில்தான் ஏறும். இப்படியே பாதி ஆயுள் ஓடியதில், உயிரோடு இருப்பது நல்லது, செத்தது கெட்டது என்பதற்கு மேல் அவர் அறிவியலுக்குள் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

கோடை வந்தால் காலேஜ் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். கடல் உயிரியல் படிக்கிறவர்கள், இன்னும் பட்டம் வாங்காதவர்கள். ஆளுக்கொரு கேள்வி, ஆளுக்கொரு தொட்டி. விடுமுறை முடிவதற்குள் பதிலைக் கண்டுபிடித்து அரங்கத்தில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். அவர்களில் ஒருவரை நிலையத்துப் பேராசிரியை மேற்படிப்புக்குத் தன்னிடமே எடுத்துக்கொள்வார். அந்த ஒரே இடத்துக்காகப் பிள்ளைகள் படுகிற பாட்டைப் பார்த்தால் தொட்டிக்காரருக்குச் சிரிப்பு வரும். இந்தக் கோடையில் அவருடைய மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக வந்து நின்றாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மகள் தானே விண்ணப்பித்துத் தன் மார்க்கில் வாங்கிய வாய்ப்பு அது. அதற்காக நாலு பேர் சும்மா இருப்பார்களா? "அப்பா உள்ளேயே இருக்காரு, அப்புறம் என்ன கவலை" என்று கேண்டீனில் அரசல்புரசலாகப் பேச்சு கிளம்பியது. முதல் நாளே அது அவள் காதில் விழுந்துவிட்டது.

"அப்பா, வடிகட்டி கழுவ மட்டும் வாங்க. மத்தபடி என் தொட்டிப் பக்கமே வராதீங்க. சரியா?"

"நான் ஏம்மா வரப்போறேன்?" என்றார். அப்போது மனசாரத்தான் சொன்னார்.

நட்சத்திர மீன்கள் பட்டினி கிடந்தால் எவ்வளவு இளைக்கும் என்பது அவளுக்குக் கிடைத்த கேள்வி. ஒரு தொட்டியில் சிப்பி போட வேண்டும். பக்கத்துத் தொட்டியில் ஒன்றும் போடக்கூடாது. வாரம் ஒருமுறை இரண்டு தொட்டி மீன்களையும் எடை போட வேண்டும். பட்டினித் தொட்டியில் 'தீனி போடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

தொட்டிக்காரருக்கு அது புரியாமல் இல்லை. பட்டினித் தொட்டிகளை அவர் நிறையப் பார்த்தவர். அவருடைய பயமே வேறு. போன கோடையில் ஒரு மாணவியின் நண்டுகள் மொத்தமும் செத்துப்போய், அந்தப் பெண் பாதியிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இப்போது மகளின் பட்டினித் தொட்டியில் ஒரு மீன், கை ஒன்று உடைந்தது, மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. இது செத்தால் 'சிபாரிசில் வந்தவள் கொன்றுபோட்டாள்' என்பார்கள். வடிகட்டி கழுவும் சாக்கில், ஓடு நீக்கிய சிப்பிச் சதை ஒரு துண்டைக் கமுக்கமாக உள்ளே போட்டார். ஒன்று தின்ன மற்றவை வேடிக்கை பார்ப்பதா? மறுநாள் எல்லாவற்றுக்கும் விழுந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டிலும் மனிதர் அப்படித்தான். எதிரே ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் அவர் தொண்டையில் ஒரு கவளம் இறங்காது.

ஒன்றும் சாகவில்லை. ஆனால் எடையும் குறையவில்லை.

பேராசிரியை முதலில் தராசைச் சந்தேகப்பட்டார். வேறு தராசு கொண்டுவந்தார்கள். அதிலும் குறையவில்லை. அதன் பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீரிலேயே கண்ணுக்குத் தெரியாத எதையோ தின்று இவை தாக்குப்பிடிக்கின்றனவோ? "இது புதுசும்மா, ரொம்பப் புதுசு" என்று வராந்தாவில் வைத்தே மகளின் தோளைத் தட்டினார். அரங்கத்தில் மற்ற எல்லோரையும்விட அவளுக்கு அதிக நேரம் என்று முடிவாயிற்று. மேற்படிப்பு இடம் யாருக்கு என்பதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை. கேண்டீனில் சிபாரிசு பேசிய அதே வாய்கள், "உங்க பொண்ணு பெரிய கெட்டிக்காரிங்க" என்றன. தொட்டிக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. டீயைக் குடித்துவிட்டு எழும்போதுதான் எதற்காகப் பாராட்டுகிறார்கள் என்பது உறைத்தது. அவர் போட்ட சிப்பிக்கு அவள் பெயர் வாங்கிக்கொண்டிருந்தாள்.

சொன்னால் மகளுக்கு அந்த இடம் போகும். தன் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் அவள் அத்தனை பேர் முன்னால் ஒரு பொய்யைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நிற்பாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து மனிதர் பாதியாகிப்போனார். பேச்சுக்கு முந்தைய நாள் சாயந்திரம், பஸ்ஸிலிருந்து இறங்கி இருவரும் வீட்டுக்கு நடந்தபோது சொல்லிவிட்டார்.

"அம்மாடி, அந்தப் பட்டினித் தொட்டிக்கு நான் சிப்பி போட்டேன். செத்துடுமோன்னு பயந்து போட்டேன்."

அவள் நிற்கவில்லை. செருப்புக் கடைக் கண்ணாடியைப் பார்த்தபடியே நடந்தாள்.

"தெரியும்பா."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஒரு நாள் சீக்கிரமா வந்தேன். ஒண்ணு முதுகைத் தூக்கிக் கூன் போட்டு உட்கார்ந்திருந்தது. தின்னும்போதுதான் அது அப்படி உட்காரும். பட்டினி கிடக்கிறது எதுக்குப்பா கூன் போடணும்?"

"புரட்டி, அடியில சிப்பி இருக்கான்னு பார்த்தியா?"

"பார்க்கல. பார்த்துட்டா சொல்லியாகணுமே." கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி பேசினாள். "நீங்களாவது சொல்லாம இருந்திருக்கலாம்பா."

தீனி போட்டதற்குத் திட்டு வாங்க அவர் தயாராக வந்திருந்தார். சொன்னதற்கு வாங்குவோம் என்று நினைக்கவே இல்லை.

மறுநாள் காலையில் இருவரும் பேராசிரியையின் அறைக்குப் போனார்கள். தொட்டிக்காரர் நடந்ததைச் சொன்னார்.

"எவ்வளவு போட்டீங்க? எந்தெந்த நாள்?"

"கணக்கெல்லாம் வைக்கலீங்க மேடம்."

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள், கத்தவில்லை. "இது உங்க பொண்ணுக்கு எப்ப தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"நேத்து சாயந்திரம்தான் மேடம் அவகிட்ட சொன்னேன்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். பேராசிரியையின் முகம் இளகியது. "பாவம், அவ என்ன பண்ணுவா?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பழி முழுக்க அப்பா தலையில், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. தொட்டிக்காரர் மகளின் கையை லேசாக அழுத்தினார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும் மேடம். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

பேசுகிறவர்கள் வரிசையிலிருந்து அவள் பெயரை அங்கேயே எடுத்துவிட்டார்கள். மேற்படிப்பு இடம் வேறொருவருக்குப் போயிற்று. தொட்டிக்காரரைக் கண்டித்து எழுதிக் கொடுத்ததோடு விட்டார்கள். அந்த வேலைக்கு வேறு ஆள் எங்கே தேடுவது? ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று வராந்தாவுக்கு வந்ததும் அவர் மகள் பக்கம் திரும்பினார். மகள்மேல் அப்படி ஒரு கோபம் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

"நான்தான் எல்லாத்தையும் சரியா முடிச்சு வச்சேனே! நீ ஏம்மா நடுவுல வாயைத் திறந்த? உன்னை யாரு கேட்டா?"

"உங்களை யாருப்பா கேட்டா?"

அரங்கத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்க உள்ளே போனாள்.