கிடை நாய்களிடம் விட்ட குட்டி

என் மனைவி இறப்பதற்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன் அந்த நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புது ஆறு என்னும் கால்வாயின் கரையில், ஒரு சிமென்ட் குழாய்க்குள் நான்கு குட்டிகள் கிடந்தனவாம். மூன்றைத் தெருநாய்கள் குதறிப் போட்டிருந்தன. மிஞ்சியதைக் காய்கறிப் பையில், கத்தரிக்காய்களுக்கு மேல் வைத்து எடுத்துவந்தாள். இருபதாவது நாளிலிருந்து வீட்டில் அதுவும் நானும் மட்டும் இருந்தோம்.

நான் செய்தது ஒன்றுதான். கதவைச் சாத்தி வைத்தேன். மூன்று மாத காலம் அந்தக் குட்டி சுற்றுச்சுவருக்கு அப்பால் எதையும் பார்க்கவில்லை. தெருவில் ஒரு நாய் குரைத்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். நான் தரையைத் துடைப்பேன். அதைப் பாதுகாப்பு என்றே நம்பியிருந்தேன்.

ஒரத்தநாட்டில் கடைசித் தடுப்பூசி போட்ட மருத்துவர் ஓர் இளம்பெண். மேசைமேல் நடுங்கிய குட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நீங்க இதை வளர்க்கல. ஒளிச்சு வச்சிருக்கீங்க."

"வெளியில விட்டா மத்த நாய்ங்க கொன்னுடும்மா."

"உள்ளயே வச்சா, நாளைக்கு இதுவே பயத்துல யாரையாவது கடிக்கும். வயசான, சாதுவான நாயா ஒண்ணு பாருங்க. தூரத்துலேருந்து ஆரம்பிங்க. கயித்தை இறுக்கிப் பிடிக்காதீங்க. முக்கியமா, பயந்துபோய் குனிஞ்சு தூக்கிடாதீங்க."

மறுநாள் காலையிலேயே அந்தக் கடைசி அறிவுரையை மீறினேன். தெருமுனையில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. அவை எழுந்து நின்றதுதான் தாமதம், குட்டியைத் தூக்கக் குனிந்தேன். எங்கள் பக்கத்து நாய்களுக்கு மனிதர் குனிவதன் பொருள் ஒன்றே: கல் வரப்போகிறது. இரண்டு ஓடிவிட்டன. மூன்றாவது ஓடவில்லை. பல் தெரிய என்மீது பாய்ந்தது. குட்டியை மார்போடு அழுத்திக்கொண்டு மின்கம்பத்தில் முதுகைச் சாய்த்து நின்றேன். எதிரே வந்த பால்காரர் வண்டியை நடுவில் விட்டு விரட்டினார். சட்டைக்கை கிழிந்திருந்தது, தோலில் கீறலில்லை. நான்கு நாட்கள் மீண்டும் கதவைச் சாத்தினேன்.

அந்த வாரம் வீட்டுக்குப் பின்னாலிருந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டார்கள். தாளடி நெல் அறுவடை முடிந்தபின், எருவுக்காக, இராமநாதபுரம் பக்கத்து மந்தைகளை இங்கே வயலில் சில நாட்கள் அடைப்பது வழக்கம். மாடியிலிருந்து பார்த்தேன். ஒரு முளையில் கறுப்பு நாய் ஒன்று சங்கிலியில் கட்டிக்கிடந்தது; சற்றுத் தள்ளி, செவலை நிறத்தில் ஒரு கிழட்டுப் பெட்டை நாய் படுத்திருந்தது. ஆட்டுக்குட்டிகள் அதன் முதுகில் ஏறி இறங்கின. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. மருத்துவர் சொன்ன நாய் அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்; ஆனால் படியிறங்க மேலும் ஒரு நாள் ஆயிற்று.

பெரிய ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருக்க, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இளங்குட்டிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்றதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"கீழ விடுங்கய்யா. அது என்ன கோயில் பிரசாதமா, ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு நிக்கிறீங்க?"

"உங்க நாய் கடிக்குமா?"

"பெரியவ கடிக்க மாட்டா."

"அந்தக் கறுப்பு?"

"அவன் கடிப்பான். அதனாலதான் கட்டிக் கெடக்கான்."

இந்தப் பதிலில் எனக்கு ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை. முதல் நாள் ஐம்பதடி தூரத்தில் நின்றோம். இரண்டாம் நாள் முப்பது. குட்டி என் கணுக்கால்களுக்கிடையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மூன்றாம் நாள் அந்த அம்மாள் அருகே வந்து, என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையிலயே கிடை மாறுது. இன்னிக்கு விட்டாத்தான் உண்டு."

"ஏதாவது ஆயிட்டா?"

"ஆகாதுன்னு நான் எப்புடிச் சொல்லுவேன்? உசுருள்ள சென்மம். ஆனா நீங்க குனியாம நில்லுங்க. அது போதும்."

கயிற்றைக் கழற்றினேன். செவலை நாய் எழுந்து, சோம்பல் முறித்து, நேராக வந்தது. குட்டி மல்லாந்து விழுந்தது. முகர்ந்துகொண்டிருந்த செவலை திடீரென்று உறுமி, குட்டியின் கழுத்தைக் கவ்வித் தரையோடு அழுத்தியது. குட்டி வீறிட்டது. அத்தகைய ஓர் ஒலியை அந்தச் சிறிய உடலிலிருந்து நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அதைத் தூக்கக் குனியத் தொடங்கினேன்.

"குனியாதீங்கய்யா!"

நின்றேன். மருத்துவமனையில், என் மனைவி இருந்த அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, இதேபோல் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றும் உள்ளே போகாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். இன்று போக முடிந்தும் நின்றேன் என்பது மட்டுமே வேறுபாடு. அது சிறிய வேறுபாடன்று. குழாய்க்குள் கிடந்த அந்த மூன்றையும் நான் நேரில் பார்த்ததில்லை. அந்தக் கணத்தில் பார்த்தேன்.

நாய் வாயை எடுத்தது. கழுத்தில் எச்சில் இருந்தது, இரத்தமில்லை.

"மரியாத சொல்லிக் குடுத்திருக்கா. அவ்வளவுதான்," என்றார் அந்த அம்மாள், என் முகத்தைப் பார்க்காமல்.

குட்டி எழுந்து உடலை உதறியது. நான் நின்ற திசைக்கு வரவில்லை. செவலை தன் இடத்துக்குத் திரும்பி நடக்க, இரண்டடி பின்னால், வாலைக் கால்களுக்கிடையில் செருகியபடியே தொடர்ந்தது. செவலை படுத்ததும் சற்றுத் தள்ளித் தானும் உட்கார்ந்தது. பிறகு முன்னங்கால்களைத் தாழ்த்தி, அந்தக் கிழ நாயைப் பார்த்து ஒருமுறை குரைத்தது. அது குரைத்து நான் கேட்டது அதுவே முதல்முறை.

கட்டியிருந்த கறுப்பு நாய் எழுந்து சங்கிலியை இழுத்துப் பார்த்தது. குட்டியைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது, வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை. வரப்பில் உட்கார இடம் பார்த்தேன்.

"எவ்வளவு நேரம் இருக்கலாம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு அலுக்குற வரைக்கும்," என்றார். "உங்களுக்கு அலுக்குற வரைக்கும் இல்ல."