ஆயில் நட்டு காணாமல் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அத்தைக்குக் கல்யாணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததோடு விஷயம் முடிந்தது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். எங்கே முடிந்தது? பெண் வீட்டார் கொடுத்த வண்டிக்குப் பெண் வீட்டார்தான் ஆயில் மாற்றித் தர வேண்டும் என்று அத்தையைக் கட்டின மாமா ஒரு புதுச் சம்பிரதாயம் கண்டுபிடித்திருந்தார். ஆடிச் சீர், தீபாவளிச் சீர், பொங்கல் சீர் என்கிற வரிசையில் ஆயில் சீர் என்று ஒன்றும் சேர்ந்துகொண்டது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை திருமானூர்ப் பக்கத்திலிருந்து ஆண்டிமடம் வரைக்கும் வண்டியை முறுக்கிக்கொண்டு வருவார். வந்ததும் மின்விசிறிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அடுப்பில் கோழி கொதிக்கும். களத்து ஓரக் கொட்டகையில் அப்பா வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். இதை யாரும் விநோதமாக நினைக்கவில்லை. மாப்பிள்ளை தும்மினால் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுகிற ஊர் எங்களுடையது.

அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். ஸ்பேனரும் கையுமாகத்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். ஆயில் மாற்றுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு, ஒரு சொட்டுக்கூடக் கீழே விழக்கூடாது. சித்திரையில் எங்கள் களம் முழுக்க முந்திரிக் கொட்டை காயும். கொட்டையில் ஆயில் வாடை பட்டால் வியாபாரி மோந்து பார்த்துவிட்டுச் சாக்கோடு தள்ளிவிடுவான். அதனால் அப்பா எல்லாவற்றையும் ஒரு பூசை மாதிரி செய்வார். முதலில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார், சூடானால்தான் ஆயில் இளகி மொத்தமும் இறங்கும். பிறகு அடியில் சாக்கை விரித்து, அதன்மேல் பழைய பேப்பர், அதற்கும் மேலே வயிற்றைக் கிழித்த ஆயில் கேன். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் நட்டை ஸ்பேனரால் இளக்கிவிட்டு, மிச்சச் சுற்றுகளை விரலாலேயே சுற்றுவார். சுற்றும்போது நட்டை மேலே அழுத்திப் பிடித்திருப்பார். அப்படியே வெடுக்கென்று கையை விலக்கினால், கன்னங்கரேல் என்று ஆயில் நேராகக் கேனுக்குள் இறங்கும். பில்டர் மூடியைக் கழற்றும்போது கீழே துணியை ஏந்திக்கொள்வார்.

கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெய் ஊற்றின எவர்சில்வர் கிண்ணத்தில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பது என் உத்தியோகம். நான் அப்போது நான்காம் வகுப்பு. எனக்குப் பெரியப்பா வைத்த பேர் முந்திரிக்கொட்டை. கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லுவேன், பக்கத்து வீட்டுச் சண்டையைப் பள்ளிக்கூடத்திலும் பள்ளிக்கூடத்துச் சண்டையைப் பக்கத்து வீட்டிலும் சொல்லுவேன். என்னை நம்பி வீட்டில் கொடுத்த ஒரே வேலை அந்தக் கிண்ணம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் அத்தை ஒரு பையோடு தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது கை முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். இனிமேல் அங்கே போக மாட்டேன் என்றும் சொன்னாள். ஏன் என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கவில்லை. பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன், வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். நாள், நட்சத்திரம், சூலம், ராகுகாலம் பார்க்காமல் அவர் நகம்கூட வெட்ட மாட்டார். "காரணத்தச் சொல்லு, நாலு பேர வெச்சுப் பேசறேன். காரணமே இல்லாம வந்து குந்திக்கிட்டா ஊரு என்ன பேசும்?" என்று தினமும் கேட்டார். அத்தை தினமும் பேசாமல் இருந்தாள். கையைத் தூக்க முடியாததால் அம்மாதான் அவளுக்குத் தலை வாரிவிட்டாள். என் தலையை மட்டும் வைக்கோல் பிரி முறுக்குவது போல இழுத்துப் பின்னுகிறவள், அத்தைக்கு வலிக்காமல் சிக்கெடுப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் பெரியப்பாவே டெலிபோன் பூத்துக்குப் போய் மாமாவை வரச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சிரித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. "அழைச்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன் மச்சான். அப்படியே ஆயிலும் மாத்திட்டா தேவல" என்றார். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் பெண்ணை வண்டியில் ஏற்றிவிட வேண்டும். ராகுகாலம் முடிந்தால் விளக்கு வைக்கிற நேரம், விளக்கு வைத்தபிறகு வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆக, நாலரைதான் கெடு.

அண்ணன் எதிரே அப்பா நிமிர்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை. சாப்பாடு முடிந்ததும் உள்ளறைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். அம்மா அத்தையின் புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள், வைத்ததை எடுத்து மறுபடியும் மடித்தாள். "போறியாம்மா?" என்று அப்பா அத்தையைக் கேட்டார். "நீ சொன்னா போறேண்ணே" என்றாள் அவள். அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தார்.

எஞ்சினைச் சூடாக்கினார். சாக்கு, பேப்பர், கேன். நட்டைக் கழற்றி என் கிண்ணத்தில் போட்டார். ஆயில் இறங்கி முடித்துச் சொட்டுச் சொட்டாக நின்றது. பழைய பில்டரை எடுத்துப் புதுசைப் பொருத்தி மூடியை முடுக்கினார். பிறகு கிண்ணத்திலிருந்து ஆயில் நட்டை எடுத்தார், துணியால் துடைத்தார், மரையைப் பார்த்தார். கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுப்பைச் சொறிகிறவர் போல அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அவர் என் பக்கம் கையை நீட்டி, கூடத்துக்குக் கேட்கிற குரலில், "நட்டு எங்கம்மா?" என்றார்.

கிண்ணத்தைப் பார்த்தேன், அவர் இடுப்பைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "கிண்ணத்துலதான வெச்சேன்? களத்துல எங்கயாச்சும் போட்டுட்டியா?" என்றார். அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார், பின்னாலேயே மாமா. முந்திரிக் கொட்டைக்குள் ஒரு நட்டு விழுந்தால் கேட்கவா வேண்டும்? இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே சாம்பல் நிறம். எல்லோரும் மண்டியிட்டுக் கொட்டையைத் துழாவ ஆரம்பித்தார்கள். எனக்கு அதிசயமாக இருந்தது என்னவென்றால், அப்பாவும் மண்டியிட்டுத் துழாவினார். மறந்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் போய், "அப்பா, உங்க மடியில" என்று ஆரம்பித்தேன். "பேச்ச வுட்டுட்டுத் தேடு" என்றார். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டைமேல் சொட்டியது. அப்போதுதான் அவர் மறக்கவில்லை என்று தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

மாமா எழுந்து நின்றார். டிராக்டரிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போடச் சொன்னார். மரை சேராது என்றார் அப்பா. மரக்கட்டையைச் சீவி அடித்துவிடுங்கள் என்றார் மாமா. "சூட்டுல பிச்சுக்கும் மாப்ள. நடுவழில ஆயில் கொட்டுச்சின்னா எஞ்சின் புடிச்சிக்கிட்டு நின்னுடும்." ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது. பெரியப்பா மணி பார்த்தார். நாலே கால்.

பிறகு எல்லாம் என் தலையில் விடிந்தது. "ஏய் முந்திரிக்கொட்ட! ஊருக் கதையெல்லாம் அளக்கத் தெரியுது, ஒரு நட்டப் பத்திரமா வெச்சுக்கத் தெரியலயா?" என்று பெரியப்பா கத்தினார். பதில் என் நாக்கு நுனியில் துடித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினேன்.

மாமா சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். எதிரே குந்தி உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "விளையாட்டுக்கு எங்கியோ ஒளிச்சி வெச்சிருக்க, இல்ல? மாமாகிட்ட சொல்லு" என்றார். நான் தலையை ஆட்டினேன். "சொல்லு" என்றார் மறுபடி. சிரிப்பு அப்படியே இருந்தது, கை மட்டும் மெல்லத் திருகிக்கொண்டே போனது. எனக்குக் கண் இருட்டியது. அப்பா ஸ்பேனரோடு எழுந்துவிட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"கையத் திருகாத! அவ கைய வுடு!"

அத்தை களத்தின் நடுவே கொட்டையை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். புருஷனை அவள் ஒருமையில் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள், தன் வலது கையால் தன் இடது கையைப் பொத்திப் பிடித்திருந்தாள். மாமா என் கையை விட்டுவிட்டார். "சும்மா வெளையாட்டுக்கு மச்சான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா என் மணிக்கட்டைப் பார்த்தார், அதில் விரல் தடம் சிவந்திருந்தது. பிறகு அத்தை பொத்திப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கிணற்றடியில் விழுந்த கதையை ஒரு வாரமாக நம்பிக்கொண்டிருந்த மனுஷர் நெடுநேரம் அதையே பார்த்தார். அப்புறம் கடிகாரத்தை முகத்துக்கு நேரே தூக்கி, "நாலரை தாண்டிடுச்சி, ராகுகாலம் பொறந்துடுச்சி. மாப்ள, நீங்க அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சிக் கெளம்புங்க" என்றார்.

"ராகுகாலத்துல நான் மட்டும் போலாமா?" என்றார் மாமா.

"நீங்க போலாம்" என்றார் பெரியப்பா.

மாமா போனார். வண்டியை மறுவாரம் அவர் ஊர் ஆட்கள் இரண்டு பேர் வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அத்தை போகவில்லை, அப்புறம் எப்போதும் போகவில்லை.

அன்று பஸ் ஹாரன் சத்தம் ரோட்டில் தேய்ந்ததும் அப்பா கொட்டகைக்கு வந்து மறுபடி குந்தினார். பெரியப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா இடுப்பு மடிப்பிலிருந்து நட்டை எடுத்தார். சரி, இன்றைக்கு அப்பாவுக்குத் தொலைந்தது என்று நினைத்தேன். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வாஷர் போட்டியா?" என்று கேட்டார். "போட்டேண்ணே" என்றார் அப்பா. நட்டை முடுக்கிவிட்டுப் புனலை வைத்துப் புது ஆயிலை ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊற்றி முடித்து என் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தார். கையெல்லாம் ஆயில், அதனால் தொடவில்லை. "வலிக்குதாம்மா?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டேன். திருடினது அவர், திட்டு வாங்கினது நான், எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு அம்மா கூடத்துக்கு வந்தபோது, அத்தை முந்திரிச் சாக்கில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். வாய் திறந்திருந்தது, நல்ல குறட்டை. விளக்கு வைக்கிற வேளையில் கண்ணசந்தால் வீட்டுக்கு ஆகாது என்று என் முகத்தில் எத்தனை நாள் தண்ணீர் அடித்து எழுப்பியிருக்கிறார் பெரியப்பா! இப்போது வரட்டும், அத்தைக்கு இருக்கிறது என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்தார். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தீப்பெட்டியோடு நின்ற அம்மாவிடம், "வெளக்க அப்பறமா ஏத்திக்கலாம். கண்ணு கூசும்" என்றார்.

அவளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சிவந்த மணிக்கட்டை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மடிமேல் வைத்துக்கொண்டு, யாராவது ஒருவர் கேட்பார்கள் என்று அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அம்மா, அப்பா, பெரியப்பா மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் பேசாமல் உட்கார்ந்து அத்தையின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் அப்படி என்னதான் இருக்கிறதோ என்று எனக்கு விளங்கவே இல்லை.