லவுதிக் கரி பூசிய மாப்பிள்ளை

சவுசவு கடற்கரைப் பக்கம் பிலிமோனேயைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்திருப்பதில் பெருமைப்பட்டவரும் கிடையாது. தேங்காய் உரிக்கும் நாளில் அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். விருந்து நாளில் அதே இடுப்பு பம்பரமாய்ச் சுழலும். ஐம்பத்துநாலு வயதுக்குள் தலைமுடியைத் தவிர அவன் எதையும் வளர்த்ததில்லை, ஒரு மரவள்ளிக் கிழங்கைக்கூட. கடைசியில் அந்த முடியும் அவனோடு இருந்து அலுத்துப்போய் வெளுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்தா அவனுக்குக் கல்யாண ஆசை வர வேண்டும்! அக்கரை ஊரில் வாசிதி என்ற விதவை இருந்தாள். நல்ல சமையல், சொந்தப் படகு. உட்கார்ந்து சாப்பிட இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்? தேவாலயத் திருவிழாவில் தொப்பியோடு நின்று, வயது நாற்பத்திரண்டு என்று அவளிடம் அளந்துவிட்டான். இனித் தலையும் அதே பொய்யைச் சொல்ல வேண்டும்.

கடையில் சாயம் வாங்கலாம். ஆனால் டப்பா வீடு வருவதற்குள் சேதி இரண்டு தீவைச் சுற்றிவிடும். ஆகவே அத்தை மகன் கிதியோனேயைப் பிடித்தான்.

"லவுதிக் கொட்டையக் கருக்கி, அந்தக் கரிய எண்ணெயில கொழச்சுப் பூசு மச்சான். நம்ம பாட்டன்மாரு தலையெல்லாம் அதுலதான் மின்னுச்சு. மழையில மட்டும் நனஞ்சிராத."

"மழையா? இந்த மாசத்துலயா?" என்று பிலிமோனே வானத்துக்கே சவால் விட்டான்.

பூசினான் பாருங்கள், தலையில் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. பார்த்ததாக மூன்று பேர் சத்தியம் செய்வார்கள்.

பெண் கேட்கப் படகில் போனார்கள். இறங்கியதும் கொட்டியது மழை. தலைவர் வாழும் ஊருக்குள் தலையை மூடிக்கொண்டு நுழைவது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். பிலிமோனே ஒரு வாழையிலையைப் பறித்தான்.

"வெச்சுக்க மச்சான். பொண்ணு கெடைக்காது, ஒத கெடைக்கும்" என்றான் கிதியோனே. இலை கீழே விழுந்தது.

வாசிதியின் அண்ணன் ருசியாத்தேயிடம் திமிங்கலப் பல்லைச் சம்மதம் கேட்டு நீட்டினார்கள். அவர் வாங்கிக்கொண்டதும் சபைக்கு யங்கோனா வேர்ச்சாறு கரைத்தார்கள். பிலிமோனே முறைப்படி ஒரு தடவை கைதட்டி, குனிந்து, சிரட்டையை வாங்கினான்.

டொப். கறுப்பாக ஒரு சொட்டு உள்ளே விழுந்தது. அப்புறம் இன்னொன்று. சிரட்டையைப் பாதியில் வைக்க முடியாதே! கரியும் சாறுமாக மடமடவென்று குடித்தான். நெற்றி, மூக்கு, வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் கோடு கோடாக இறங்கியது.

"மாப்பிள்ளைக்கு வயசு என்ன?" என்று கேட்டார் ருசியாத்தே.

"நாப்பத்திரண்டு."

"தலைக்கு?"

ஆமாம், நரைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். அதற்கும் ஒரு முதுகெலும்பு வேண்டுமே!

"இந்தக் கிதியோனே பயதாங்க! நான் தூங்கறப்ப பூசிவிட்டுட்டான்."

பெண்கள் பக்கத்திலிருந்து வாசிதி வாய் திறந்தாள். "அண்ணே, அந்தப் பல்லத் திருப்பிக் குடுத்துருங்க. நரை எனக்கும் இருக்கு, அது பெருசில்ல. கூட வந்த மச்சானையே ஒரு நிமிசத்துல வித்துட்டாரே, என்னய எத்தன நாள் வெச்சிருப்பாரு?"

பல் திரும்பி வந்தது.

படகில் கிதியோனே கேட்டான்: "நீ தூங்கறப்பதான் பூச முடியும், சரி. நீ முழிச்சிருந்த நாளுதான் ஏது?"

புலிக்குட்டி போல முகமெல்லாம் கோடாக இருந்த பிலிமோனே கடலைப் பார்த்தபடி சொன்னான்: "அந்த வீட்டுக் கூரை ஒழுகுது மச்சான். சட்டையப் பாரு. அதான் வேணாம்னுட்டேன்."

இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.