விக்கப் போற வண்டிக்கு எதுக்கு முழு செட்டு?

போன வருஷம் ஐப்பசி மாதம். உத்தமபாளையத்தை அடுத்த அனுமந்தன்பட்டியில், எங்கள் வீட்டு வாசலில், கார் மரக்கட்டைகளின் மேல் முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. கியர் பாக்ஸைக் கழற்றித் தார்ப்பாயில் வைத்திருந்தார் என் கொழுந்தன். மழை வருமோ என்று வானத்தைப் பார்ப்பதும், கோழி ஏதாவது உள்ளே புகுந்துவிடுமோ என்று காரைப் பார்ப்பதுமாக இருந்தேன் நான். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குணம். மோட்டார், டிராக்டர், கார், எது கெட்டாலும் முதலில் வாசலில் போட்டுப் பிரித்துவிடுவார்கள். மெக்கானிக்கிடம் கொண்டு போனால் கௌரவம் போய்விடும்!

என் வீட்டுக்காரர் அதில் முதல் ஆள். அந்தக் காரை வாங்கியதிலிருந்து ஆயில் மாற்றுவது முதல் பிரேக் பார்ப்பது வரை எல்லாம் அவர் கைதான். வேறு யாரையும் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க விடமாட்டார். என்னைப் பார்த்ததைவிட அந்த பானெட்டுக்குள் பார்த்ததுதான் அதிகம் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கைத்தடியோடு நாற்காலியில் உட்கார்ந்து, தம்பி கழற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்னால் தோட்டத்தில் பந்தலைத் தாங்குகிற கல்தூண் ஒன்று சாய்ந்து, அவருடைய இடது முழங்காலில் விழுந்துவிட்டது. ஆபரேஷன் நடந்தது. டாக்டர், "கால் நல்லா கூடிருச்சு, இனி வண்டி ஓட்டலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆசையாகக் காரில் ஏறினார். கிளட்ச்சை மிதிக்கும்போதே முகம் சுருங்கியது. எப்படியோ தெருமுனை வரை போனார். திரும்புகிற இடத்தில் கால் நடுங்கி, வண்டி அணைந்து, பின்னால் வந்த பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்து, ஊரே பார்த்தது. இறங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தார். "எனக்குக் காலு போச்சுத்தா. டாக்டரா வந்து ஓட்டப் போறாரு?" என்றார்.

அதன் பிறகு அவர் அவராக இல்லை. விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் நிற்கிற மனிதர், டிவி முன்னால் உட்கார்ந்தார். தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போக முதலில் தட்டுவது எங்கள் வீட்டுக் கதவைத்தான். இப்போது கதவு தட்டினால் உள் அறைக்குப் போய்விடுவார். வருகிறவர்களெல்லாம் "பாவம், எப்படி இருந்த மனுசன்" என்றார்கள். அந்தப் பாவத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும். அவரோ அதைக் கேட்கக் கேட்க இன்னும் குறுகிப்போனார்.

கடைசியில் காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்து ஓட்டிப் பார்த்தவர், "மேட்டுல இழுவையே இல்லண்ணே. கிளட்ச் போயிருக்கு. அத மாத்திக் குடுங்க, எடுத்துக்கிறேன்" என்றார். அதனால்தான் இந்தப் பிரிப்பு வேலை. வாசலில் கிடந்த சாமான்களைப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது. வண்டி போனால் போகட்டும். வண்டியோடு சேர்ந்து இவரும் போய்விடுவாரோ என்றுதான் பயம்.

எங்கள் பக்கம் சாமான் வாங்கப் போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டுபோவது வழக்கம். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, அளவு பார்த்து எடுத்துக் கொடுப்பார். கொழுந்தனுக்கு மறுநாள் டிராக்டர் உழவு இருந்தது. அதனால் பழைய கிளட்ச் பிளேட்டையும், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு நானும் அவரும் தேனிக்குப் பஸ் ஏறினோம். பை என் மடியில். சேலையெல்லாம் கரி. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் சாமானைக் கையில் வாங்கியதுமே உதட்டைப் பிதுக்கினார். "அண்ணே, பிளேட்டு மட்டும் மாத்திப் பிரயோஜனமில்ல. பிரஷர் பிளேட்டும் சூட்டுல நீலம் பாஞ்சு கெடக்கு. பேரிங்கும் சேத்து முழு செட்டாப் போட்டுருங்க."

"விக்கப் போற வண்டிக்கு எதுக்குப்பா முழு செட்டு? பிளேட்டு மட்டும் குடு. லோக்கலே போதும். வாங்குறவன் பாத்துக்கிருவான்" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து ரூபாய் வாஷராக இருந்தாலும் கம்பெனி சாமான்தான் வேண்டும் என்று மதுரை வரை போகிற மனுஷன். "லோக்கலே போதும்" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வண்டிய ஏன்ணே விக்கிறீக?" என்று கடைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார். இவர் சாக்குப்பையை மடிக்க ஆரம்பித்தார். நான்தான் சொன்னேன், "கால்ல அடிபட்டுருச்சுங்க. அவுகளால கிளட்ச்ச மிதிக்க முடியல."

பக்கத்தில் ஹெட்லைட் பல்பு வாங்க வந்து நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். அறுபதை நெருங்கிய ஆள், குமுளிப் பக்கத்துக் கூடலூர்க்காரர் என்று பேச்சில் தெரிந்தது. முன்பின் தெரியாத எங்களிடம், "எந்த வண்டி?" என்று ஆரம்பித்தார். சொன்னோம். "அட, எனக்கும் அதே வண்டிதான். போன தையிலதான் கிளட்ச் மாத்துனேன். அதுக்கு முன்னாடி எனக்கும் கல்லத் தள்ளுற மாதிரித்தான் இருந்துச்சு. தேயத் தேயக் கடுசாகும்ணே அது" என்றார்.

"கல்லுக் கணக்கா இருக்குறது என் காலுங்க. வண்டி என் கையால பாத்த வண்டி" என்றார் இவர்.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. கிளட்ச் போய்விட்டது என்று தெரிந்த பிறகும், தன் கையால் பார்த்த வண்டியின் மிதிதான் கடுசாகியிருக்கும் என்று இந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. கெட்டது தன் காலாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். இடையில் வண்டியை ஓட்டிய என் கொழுந்தனாவது கவனித்திருக்கலாம். ஆனால் நாள் முழுக்க டிராக்டர் ஓட்டுகிறவருக்கு எந்தக் கிளட்ச்சும் பஞ்சுதானே!

அந்தக் கூடலூர்க்காரர் விடவில்லை. "வெளியதான் நிக்குது என் வண்டி. சும்மா ஒருக்கா சவிட்டிப் பாருங்க" என்றார். மிதிப்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு அது தானாக வரும்.

இவர் "வேண்டாங்க" என்று பின்வாங்கினார். எனக்குப் புரிந்தது. ஊரில் தோற்றது போதாதென்று தேனிக் கடைவீதியிலும் தோற்க வேண்டுமா என்ற பயம். "போங்க, யாரு பாக்கப் போறா" என்று நான் முதுகில் கை வைத்துத் தள்ளாத குறைதான்.

அப்போது அந்த மனிதர் செய்த காரியத்தை என்னால் மறக்க முடியாது. கதவைத் திறந்துவிட்டு, இவர் உட்கார்ந்ததும் சட்டென்று போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். போனில் யாரும் இல்லை. இவர் மிதிக்கிறபோது யாரும் பார்க்கக்கூடாது என்றுதான் அப்படி நின்றார்.

இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தையும் கூட்டி மிதித்தார். கால் சடாரென்று அடிவரைக்கும் போய்த் தரையில் இடித்தது. திகைத்துப் போய்விட்டார். மறுபடி மெதுவாக மிதித்தார். மறுபடியும். "ஏத்தா, இங்கன வா" என்று கூப்பிட்டார். "அமுங்குதுத்தா. வலிக்கல" என்றார். நான் நடுரோட்டில் நின்று அழுதுவிட்டேன்.

அந்தப் புண்ணியவான் அதோடும் நிறுத்தவில்லை. சாவியை நீட்டி, "ஒரு சுத்துப் போயிட்டு வாங்கண்ணே" என்றார். எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நானும் ஏறி உட்கார்ந்தேன். முதல் தடவை வண்டி குதித்து அணைந்தது. அவர் சிரித்தார், எத்தனை மாதத்துக்குப் பிறகு! அப்புறம் மெதுவாகக் கிளப்பி, கடைவீதியைச் சுற்றிக்கொண்டு வந்து, ஆட்டோவுக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில் அழகாக நிறுத்தினார்.

இறங்கியதும் நேராகக் கடைக்குள் போனார். "தம்பி, முழு செட்டாக் குடு. கம்பெனி சாமான். கிளட்ச் கேபிளும் சேத்துப் போடு" என்றார்.

"விக்கப் போற வண்டிக்காண்ணே?" என்று கடைக்காரர் கண்ணைச் சிமிட்டினார்.

"யாருப்பா சொன்னா விக்கப் போறேன்னு?"

கூடலூர்க்காரருக்கு என்ன செய்வதென்றே எங்களுக்குத் தெரியவில்லை. டீயாவது குடிக்க வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தார் இவர். நின்றபடியே குடித்துவிட்டு, "இருட்டுறதுக்குள்ள போகணும்" என்று கிளம்பிவிட்டார். வாங்க வந்த பல்பைக் கடையிலேயே மறந்துவிட்டு, பாதி வழியில் நினைவு வந்து திரும்பி ஓடி வந்தார் என்று கடைக்காரர் பின்னால் சொன்னார்.

மறுநாள் மாட்டுகிற வேலை நடந்தது. நாற்காலி ஓரமாகப் போய்விட்டது. தார்ப்பாயில் உட்கார்ந்து, பிளேட்டின் எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று தம்பியோடு ஒரே சண்டை. அந்தச் சத்தம் என் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது. மார்க்கையன்கோட்டைக்காரருக்கு நானே போன் செய்து, "மன்னிச்சுக்கங்க, வண்டி விக்கல" என்று சொன்னேன்.

கால் முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் வலிக்கிறது. குமுளி மலை ஏறுவதென்றால் கொழுந்தனைத்தான் கூப்பிடுகிறோம். ஆனால் தோட்டத்துக்கும் தேனிக்கும் அவர்தான் ஓட்டுகிறார். வீட்டுக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறார்.

அத்தனை மாதமும் நாங்கள் எல்லோரும் அவர்மேல் அன்பாகத்தான் இருந்தோம். ஆனால் எங்கள் பரிதாபத்தில் ஒருவருக்கும் தோன்றாதது, பல்பு வாங்க வந்த ஒரு வழிப்போக்கருக்குத் தோன்றியது. இன்றைக்கும் யாராவது "என்னால முடியல" என்று சொன்னால், ஐயோ பாவம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அவர் காலுக்கடியில் இருப்பது எவ்வளவு கடுசானது என்று ஒரு தடவை குனிந்து பார்க்கத் தோன்றுகிறது.